முறுக்காணி: வீணையின் பிருடையும் பழைய பேஸ் கிடாரின் சாவியும்

நரம்புக் கருவி எதுவானாலும், அதன் கம்பியை இழுத்து வேண்டிய சுருதியில் நிறுத்தி வைக்கும் உறுப்பு ஒன்று இருக்கும். இதற்கு முறுக்காணி என்பது பழைய பெயர். வீணை வாசிப்பவர்கள் இதைப் பிருடை என்கிறார்கள். பிரடை என்றும் வழங்குவதுண்டு. கிடார், பேஸ் கிடார் வாசிப்பவர்களிடம் இதே உறுப்பு 'கீ' அல்லது சாவி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: இறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும், விட்ட இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

கச்சேரி கேட்பவரின் கண் குடத்தின் மேலும் தந்தியின் மேலும் மீட்டும் விரலின் மேலும் இருக்கும். முறுக்காணியை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு கருவி எந்தக் காலத்தில், எந்தப் பட்டறையில், எந்த முறையில் செய்யப்பட்டது என்பதை இந்தச் சிறிய உறுப்பு சொல்லிவிடும். பழைய மின் பேஸ் கிடாரைச் சோதிப்பவர்கள் முதலில் பார்க்கும் உறுப்புகளில் ஒன்று அதன் அசல் சாவி. நம் வீடுகளில் உள்ள பழைய வீணைகளுக்கும் அதே பார்வை தேவைப்படுகிறது.

கல் தூணும் கம்பியும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள் உள்ளன. தட்டினால் ஒவ்வொரு சிறு தூணும் தனக்கென ஒரு ஒலியைத் தரும். சிற்பி உளியைக் கீழே வைத்த அன்று எந்த ஒலி அமைந்ததோ, அதுதான் இன்றும். அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

கம்பியின் கதை வேறு. கம்பி எழுப்பும் ஒலியின் உயரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் நீளம், அதன் கனம், அதன் இழுவிசை. கருவியைச் செய்து முடித்த பிறகு நீளமும் கனமும் மாறுவதில்லை. மாற்றக்கூடியது இழுவிசை ஒன்றே. இழுவிசையை நான்கு மடங்காக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். அரைச்சுரம் ஏற, அதாவது ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டியுள்ள அடுத்த கட்டைக்குப் போக, இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூட வேண்டும்.

இந்த 12 விழுக்காடு கையின் அளவில் எவ்வளவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வீணையின் எஃகுத் தந்தியை எடுத்துக்கொண்டால், அரைச்சுரம் உயர அது அரை மில்லிமீட்டர்கூட நீள வேண்டியதில்லை. தந்தி சுற்றியிருக்கும் பிருடைத் தண்டின் குறுக்களவு 10 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்த நீட்சிக்குப் பிருடை திரும்ப வேண்டியது தோராயமாக 3 முதல் 4 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 பாகை. அதிலும் குறைவான அசைவில் ஒரு அரைச்சுரம் முழுதும் அடங்கிவிடுகிறது. சுருதி சேர்ப்பவர் தேடுவதோ அரைச்சுரத்தில் மிகச் சிறிய பங்கை. முறுக்காணியின் வரலாறு முழுவதும் இந்த மிகச் சிறிய அசைவைக் கைக்குள் கொண்டுவர மனிதர் செய்த முயற்சிதான்.

திவவு முதல் முறுக்காணி வரை

தமிழகத்தின் பழைய நரம்புக் கருவி யாழ். அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் நூல்களில் முக்கியமானது பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை. பத்தல், அதை மூடும் தோல், வளைந்த கோடு, ஆணி, நரம்பு என்று வரிசையாக வரும் வருணனையில் திவவு என்ற உறுப்பும் வருகிறது. யாழின் கோட்டில் இறுகக் கட்டிய வார்க்கட்டுதான் திவவு. ஒரு பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களைப் போல அது இருந்ததாகப் புலவர் காட்டுகிறார். நரம்பின் ஒரு முனை அந்தக் கட்டில் பிணைந்திருக்கும். கட்டை மேலும் கீழும் நகர்த்தினால் நரம்பு இறுகும் அல்லது தளரும். திருகும் ஆணி இல்லாமலே சுருதி சேர்த்த முறை இது.

மியான்மரின் வில் யாழான சௌங் இந்த முறையின் உறவுக்காரன். அதன் வளைந்த கோட்டில் நரம்புகள் சிவப்புப் பருத்திக் கயிறுகளால் கட்டப்பட்டு, அந்தக் கயிற்றைத் திருகிச் சுருதி சேர்ப்பது மரபு. புதிதாகச் செய்யும் சௌங் கருவிகள் பலவற்றில் கயிற்றின் இடத்தைத் திருகாணிகள் பிடித்துக்கொண்டன. நம் நாட்டில் யாழே வழக்கொழிந்ததால் திவவும் அதோடு மறைந்தது. மாடகம் என்ற பழஞ்சொல்லுக்கு அகராதிகள் முறுக்காணி என்று பொருள் தருகின்றன. கட்டிலிருந்து ஆணிக்கு வந்த மாற்றத்தின் தடம் அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது.

21 நரம்புப் பேரியாழ், 19 நரம்பு மகரயாழ், 14 நரம்புச் சகோடயாழ், 7 நரம்புச் செங்கோட்டியாழ் என்று உரையாசிரியர்கள் வகைப்படுத்திய யாழ்களின் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவர் நம்பியிருக்க வேண்டியிருந்தது பாட்டையும் உரையையும் சிற்பத்தையும்தான். கையில் எடுத்துப் பார்க்க ஒரு பழைய யாழ், ஒரு பழைய திவவு கிடைத்திருந்தால் அந்த உழைப்பில் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். உறுப்பைப் பாதுகாப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

வீணையின் பிருடை

இன்று தென்னிந்தியாவில் வாசிக்கப்படும் வீணையின் வடிவம் தஞ்சாவூரில் நிலைபெற்றது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தோடு, விரல் அழுத்தும் குறுக்குப் பட்டைகளான மெட்டுகள் 24 நிலையாகக் கொண்ட வீணையை வரலாறு இணைத்துச் சொல்கிறது. பலா மரத்தில் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் இதற்குப் பெயர் பெற்றது. குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை.

மதுரைக்கும் வீணைக்கும் உள்ள உறவு ஆழமானது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் மதுரையில் பிறந்தார். அவருடைய தாயார் மதுரை சண்முகவடிவு வீணைக் கலைஞர். எம்.எஸ். என்ற எழுத்துகளில் முதலாவது மதுரையையும் அடுத்தது சண்முகவடிவையும் குறிக்கின்றன. தன் பெயருக்குள்ளேயே ஒரு வீணைக் கலைஞரைச் சுமந்துதான் அவர் உலகம் முழுதும் பாடினார்.

வீணையில் 7 தந்திகள். மெட்டுகளின் மேல் ஓடுபவை சாரணி, பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் ஆகிய 4. தாளத்துக்காகப் பக்கத்தில் ஓடுபவை 3. நான்கு தந்திகளின் பிருடைகள் யாளி முகத்துக்கு முன்னால் உள்ள பகுதியில், பக்கத்துக்கு இரண்டாகச் செருகப்பட்டிருக்கும். தாளத் தந்திகளின் மூன்று பிருடைகள் தண்டியின் பக்கவாட்டில் இருக்கும். தந்தி, குடத்தின் முனையில் அதைப் பிடிக்கும் நாகபாசத்தில் தொடங்கி, குதிரை என்ற பாலத்தின் மேல் ஏறி, மெட்டுகளைக் கடந்து, மேரு என்ற மேற்பாலத்தைத் தாண்டிப் பிருடையில் சுற்றி முடிகிறது.

பிருடை ஈட்டி, கருங்காலி போன்ற கடினமான மரத்தில் கடைந்த கட்டை. அதன் தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் கூம்பாக இருக்கும். அது நுழையும் துளையும் அதே சரிவில் கூம்பாகத் துளைக்கப்பட்டிருக்கும். பல்சக்கரம் இல்லை, திருகு இல்லை, பூட்டு இல்லை. இரண்டு மரப் பரப்புகளும் ஒன்றையொன்று கவ்வும் உராய்வு மட்டுமே தந்தியின் இழுப்பைத் தாங்குகிறது. திருகும்போது உள்நோக்கிச் சற்று அழுத்தினால் கூம்பு இறுகும். வெளியே சற்று இழுத்தால் தளரும். இந்த அழுத்தத்தின் அளவைக் கை அறிந்துகொள்வதே வீணைப் பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று.

3, 4 பாகைக்குள் ஒரு அரைச்சுரம் அடங்கிவிடும் கருவியில் பிருடையை மட்டும் வைத்து நுண்ணிய சுருதி சேர்ப்பது கடினம். அதற்காகத்தான் வீணையின் மறுமுனையில் லங்கர் இருக்கிறது. நாகபாசத்தையும் தந்தியையும் இணைக்கும் கம்பி அது. அதன் மேல் உள்ள சிறு வளையத்தை நகர்த்தினால் தந்தியின் இழுப்பு மயிரிழை அளவில் மாறும். பிருடையால் சுருதிக்கு அருகில் கொண்டுவந்து, லங்கரால் துல்லியமாகச் சேர்ப்பது நடைமுறை. முரட்டு வேலைக்கு ஒன்று, நுண் வேலைக்கு ஒன்று என்று இரண்டு உறுப்புகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அருமையான ஏற்பாடு இது.

வெயிலும் மழையும்

உராய்வை நம்பும் உறுப்பு பருவத்துக்குக் கட்டுப்பட்டது. மதுரை, ஒத்தக்கடை, மேலூர்ச் சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் காற்று வறண்டுவிடும். அப்போது மரத்தில் உள்ள ஈரம் குறைந்து பிருடை சுருங்கும், தொட்டவுடன் வழுக்கிச் சுழலும், தந்தி தொய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர்மாறு. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். பிருடை துளையில் சிக்கிக்கொண்டு எவ்வளவு திருகினாலும் அசையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவாகவும், நீளவாக்கில் மிகமிகக் குறைவாகவும் சுருங்கும். வட்டமாகக் கடைந்த பிருடைத் தண்டு பல ஆண்டுகளில் லேசான நீள்வட்டமாகிவிடுவது இதனால்தான். துளையும் அப்படியே. பிறகு தண்டு துளையை முழுதும் தொடாமல் இரண்டு இடங்களில் மட்டும் தொடும். வழுக்கலும் திடீர்த் தாவலும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. பிருடை கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டும் கட்டம் இது. பெரும்பாலான நேரங்களில் கெட்டிருப்பது பிருடையின் பொருத்தம்தான். மரம் நன்றாகவே இருக்கும்.

பல்சக்கரம் வந்த வழி

உராய்வின் இடத்தில் பல்சக்கரத்தை வைத்தது ஐரோப்பா. அதற்குத் தூண்டுதல் அடித்தந்திகளின் இழுப்பு. ஆளுயர டபுள் பேஸ் கருவியின் தடித்த தந்திகளை மரக்கட்டையால் இறுக்கி நிறுத்துவது பெரும்பாடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குத் திருகும் பல்சக்கரமும் இணைந்த உலோகச் சாவி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் யோஹான் கேயோர்க் ஷ்டாவ்ஃபர் போன்ற கிடார் செய்பவர்கள் அதே முறையைக் கிடாருக்குக் கொண்டுவந்தார்கள். ஷ்டாவ்ஃபரிடம் வேலை கற்ற சி.எஃப். மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். அவர் தொடங்கிய கிடார் நிறுவனம் இன்றும் இயங்குகிறது.

இந்தச் சாவியின் உள்ளமைப்பு எளிது. விரல் பிடிக்கும் காதின் தண்டில் புரி வெட்டிய திருகு இருக்கும். அந்தப் புரி ஒரு சிறு பல்சக்கரத்தின் பல்லோடு பொருந்தும். பல்சக்கரத்தின் நடுவில் நிற்கும் முளையில்தான் கம்பி சுற்றப்படுகிறது. காதை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 20 பற்கள் இருந்தால், காதை 20 முறை சுற்றினால்தான் முளை ஒரு முறை சுற்றும். மரப் பிருடையில் 4 பாகையில் முடிந்த அசைவு இங்கே 80 பாகையாக விரிகிறது. விரலுக்கு அது தாராளமான இடம்.

இதைவிடப் பெரிய நன்மை இன்னொன்று. திருகு பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. புரியின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், கம்பி எவ்வளவு இழுத்தாலும் அந்த விசை புரியின் மேல் உராய்ந்து அங்கேயே நின்றுவிடும். பூட்டு எதுவும் வைக்காமலே அது தானாகப் பூட்டிக்கொள்கிறது. பேஸ் கிடாருக்கு இது இன்றியமையாதது. அதன் 4 கம்பிகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் ஒரு வளர்ந்த மனிதரின் எடை. மரக்கட்டையின் உராய்வை நம்பி அதை நிறுத்த முடியாது.

பழைய பேஸ் கிடாரின் சாவிகள்

தமிழ்க் காதுகளுக்கு பேஸ் கிடார் அந்நியமானது இல்லை. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்து 1976இல் அன்னக்கிளி படத்தோடு திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில், பாட்டுக்குக் கீழே தனி மெட்டாக நடந்து வரும் அடிநாதம் பெரும்பாலும் பேஸ் கிடாருடையது. பெயர் தெரியாமலே அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு.

அந்தக் கருவி பெருமளவில் பரவத் தொடங்கியது 1951இல். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் ஊரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் அந்த ஆண்டு பிரிசிஷன் பேஸ் என்ற மின் கருவியை வெளியிட்டார். டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி கிடைத்தது. மெட்டுகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. பெயரின் பொருளும் துல்லியம் என்பதே. அதன் கம்பி நீளம் 34 அங்குலம். மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. 1960இல் அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வந்தது.

இந்தத் தொடக்ககாலக் கருவிகளின் சாவிகளைச் செய்து கொடுத்தது சிகாகோவின் குளூசன் நிறுவனம். 1925இல் தொடங்கிய அந்த நிறுவனம் அமெரிக்கக் கிடார்களுக்குச் சாவி செய்து பெயர் பெற்றது. அதன் பேஸ் சாவிகளைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். பல்சக்கரமும் திருகும் மூடியில்லாமல் வெளியே தெரியும். விரல் பிடிக்கும் காது இலைக்கொத்துப் போல அகலமாக இருக்கும். நான்கு சாவிகளும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். முளையின் தலையில் பிளவும் நடுவில் குழியும் உண்டு. கம்பியின் நுனியை அந்தக் குழிக்குள் இறக்கி வளைத்துச் சுற்றினால் கூரான முனை வெளியே நீட்டி விரலைக் குத்தாது. அந்தச் சாவிகள் திரும்பும் திசையும் வழக்கத்துக்கு எதிரானது. மற்றச் சாவிகளில் இறுக்கும் திசையில் திருகினால் இவை தளரும்.

அதே காலத்தில் கிப்சன் நிறுவனம் 1953இல் வெளியிட்ட பேஸில் வேறு வகைச் சாவி இருந்தது. பாஞ்சோ என்ற கருவியில் இருப்பதுபோல் காது பக்கவாட்டில் நீட்டாமல் தலைப்பகுதியின் பின்புறம் நோக்கி நின்றது. திருகுப் புரிக்குப் பதில், நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் உருளும் அமைப்பு அதன் உள்ளே இருந்தது. பெரிய கம்பிகளைத் தாங்க அது அவ்வளவு ஏற்றதாக இல்லை. பின்னர் வந்த பேஸ்கள் பக்கவாட்டுச் சாவிக்கே திரும்பின.

1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சாவிகளின் வடிவமும் அவற்றைச் செய்து கொடுத்தவர்களும் மாறினார்கள். ஆகவே ஒரு பேஸின் சாவியைப் பார்த்தே அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. குளூசன் நிறுவனம் பின்னாளில் மூடப்பட்டது. அந்தப் பெயர் பிறகு மீட்கப்பட்டு, பழைய வடிவத்திலேயே புதிய சாவிகள் விற்பனைக்கு வருகின்றன. பழையதற்கும் பழையது போன்றதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய வேண்டிய தேவை இதனால் கூடியிருக்கிறது.

வீணைக்கு வந்த கிடார் கீ

பல்சக்கரத்தின் வசதி நம் மேடைகளுக்கும் தெரிந்ததுதான். மாண்டலின் என்ற மேற்கத்தியக் கருவியை யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தபோது அதன் 8 கம்பிகளை 5 ஆக்கினார். உலோகச் சாவிகள் அந்தக் கருவியோடு வந்தவை. வயலின் கலைஞர்கள் மரப் பிருடையோடு, கம்பியின் மறுமுனையில் சிறு திருகாணிகளையும் பொருத்திக்கொள்கிறார்கள். வீணையின் லங்கர் செய்யும் வேலையைத்தான் அவை செய்கின்றன.

வீணையிலும் பலர் மரப் பிருடையைக் கழற்றிவிட்டு கிடார் கீ பொருத்துகிறார்கள். இதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வயதானவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மரப் பிருடையை அழுத்தித் திருக வலு போதாது. வெளியூர்ப் பயணத்திலும் குளிர்பதன அரங்குகளிலும் மரத்தின் ஈரம் வேகமாக மாறுவதால் சுருதி நிற்பதில்லை. மேடையில் இரண்டு உருப்படிகளுக்கு இடையே சில நொடிகளில் சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேவைகளைப் பல்சக்கரம் நன்றாகவே தீர்த்து வைக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கீயின் தகட்டைப் பதிக்கப் புதிய ஆணித்துளைகள் போட வேண்டும். கூம்பாக இருந்த பழைய துளையை அகலப்படுத்த வேண்டும் அல்லது அடைக்க வேண்டும். உலோகத்தின் எடை கூடுவதால் தண்டியின் நுனி கனக்கும். யாளி முகத்துக்கு அருகே கடைசல் அழகோடு நின்ற மரப் பிருடைகளின் ஒழுங்கு போய்விடும். ஒருமுறை துளைத்த மரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. புதிய வீணையைத் தொடக்கத்திலேயே கீயுடன் செய்யச் சொல்வதில் தவறில்லை. நூறு ஆண்டு கண்ட வீணையைத் துளைப்பது வேறு விஷயம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. வெளியில் பார்க்க மரப் பிருடை போலவே இருந்து, உள்ளே சிறு பல்சக்கரங்கள் கொண்ட முறுக்காணிகள் வயலினுக்கென வெளிநாடுகளில் செய்யப்படுகின்றன. 1953ஆம் ஆண்டு பேஸில் சரியாக எடுபடாத அதே வகைச் சக்கர அமைப்பு, மெல்லிய தந்திகள் கொண்ட கருவியில் நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பொறியும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை, தாங்கும் தந்திக்கு ஏற்றதா என்பதே கேள்வி என்பதை இது காட்டுகிறது.

அசலை அறிவது எப்படி

பழைய கருவியில் முறுக்காணி அசல்தானா என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள மரத்தை. பேஸ் கிடாரில் சாவித் தகட்டின் விளிம்புக்கு வெளியே அடைத்த ஆணித்துளைகள் தெரிந்தால், ஒரு காலத்தில் வேறு சாவி இருந்திருக்கிறது. தகட்டின் அடியில் உள்ள மரம் வெளிச்சம் படாமல் நிறம் மாறாதிருக்கும். அந்தத் தடம் இப்போதுள்ள தகட்டின் வடிவோடு பொருந்த வேண்டும். நான்கு சாவிகளும் ஒரே அளவில் மங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் பளபளத்தால் அது பின்னால் வந்தது.

வீணையிலும் இதே முறை பொருந்தும். ஏழு பிருடைகளின் கடைசலும் ஒரே கையின் வேலையாக இருக்கிறதா, மரத்தின் நிறமும் இழையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். தண்டில் தந்தி சுற்றிய இடத்தில் மெல்லிய பள்ளமும், துளைக்குள் உரசிய இடத்தில் கறுத்த மெருகும் இருந்தால் அது நீண்ட காலம் அங்கேயே உழைத்த பிருடை. பழைய வீணைகள் சிலவற்றில் தந்த வேலைப்பாடு இருக்கும். தந்த வணிகம் நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டிருப்பதால், அப்படிப்பட்ட உறுப்பு தொலைந்தால் அதேபோல் இன்னொன்று வாங்க வழியே இல்லை.

பழுதும் பராமரிப்பும்

வழுக்கும் மரப் பிருடைக்கு முதல் மருந்து சாக்பீஸ் தூள். பிருடையை வெளியே எடுத்து, பழைய அழுக்கைத் துடைத்து, துளையில் பதியும் இரண்டு இடங்களில் லேசாகத் தூளைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினால் பிடிப்பு வரும். சிக்கிக்கொள்ளும் பிருடைக்கு உலர்ந்த சோப்பை அதே இடங்களில் மிக மெல்லியதாகத் தேய்க்கலாம். எண்ணெய் விடவே கூடாது. மரம் அதைக் குடித்துவிட்டால் பிறகு பிடிப்பே வராது. தண்டு நீள்வட்டமாகியிருந்தால் அதைத் திரும்பக் கூம்பாகச் சீவி, துளையையும் அதே சரிவில் சரிசெய்வது வீணை ஆசாரியின் வேலை. துளை மிக அகன்றுவிட்டால் அதில் புதிய மரத்தைச் செருகி ஒட்டி, மறுபடி துளைத்து, பழைய பிருடையையே வைக்கலாம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள்.

பேஸ் கிடாரின் பழைய சாவி இறுகிப்போனால் காரணம் பெரும்பாலும் காய்ந்த மசகும் தூசியும்தான். கழற்றித் துடைத்து, பல்லில் ஒரு துளி மசகு இட்டால் மறுபடி ஓடும். வளைந்த தண்டை நிமிர்த்தலாம். பல் தேய்ந்து உண்மையிலேயே உதவாமல் போனால், அதே ஆணித்துளைகளில் பொருந்தும் சாவியைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. புதிய துளை போடாத எந்த மாற்றத்தையும் நாளை திரும்பப் பெறலாம்.

மதுரை வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பாட்டி வாசித்த வீணை உறையில் உறங்குகிறது. அதைப் பேத்திக்காக வெளியே எடுக்கும்போது பிருடை சுற்றவில்லை என்றால், உடனே கிடார் கீ வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் ஒரு நல்ல ஆசாரியிடம் காட்டுங்கள். கீதான் வேண்டும் என்று முடிவானால், கழற்றிய 7 பிருடைகளையும் எது எந்தத் தந்திக்குரியது என்று எழுதி, துணியில் சுற்றி, அந்த வீணையின் பெட்டியிலேயே வையுங்கள். யாழின் திவவைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. வீணையின் பிருடையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு வருகிறவர்களுக்குக் கிடைக்கட்டும்.